திருத்தம் வந்த இரவில் எது கைகொடுக்கும்? வீடு வடிவமைப்பவர்களுக்கான ரெண்டரிங் மென்பொருள் ஒப்பீடு

மாலை ஆறரை மணிக்குத் தொலைபேசி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் குடும்பத்தோடு அலுவலகத்துக்கு வருவதாக ஏற்பாடு. கட்டப்போகும் வீட்டின் ஆறு படங்களும் அச்சாகி மேசைமேல் தயாராக இருந்தன. "ஈசானிய மூலையில் படிக்கட்டு ஆகாது என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள் சார். மேற்குப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்" என்றார்.

பிளானில் அது இருபது நிமிட வேலை. படங்களுக்கு விடிய விடிய ஆயிற்று. வீட்டின் முப்பரிமாண மாடலை மறுபடி ஏற்றுமதி செய்து, அதை நிஜம்போன்ற படமாக்கும் ரெண்டரிங் மென்பொருளில் திறந்து, காணாமல் போன மெட்டீரியல்களை (பரப்புகளின் நிறமும் தன்மையும்) ஒவ்வொன்றாகப் பூசி, செடிகொடிகளைத் திரும்ப வைத்து, ஆறு கோணங்களையும் ரெண்டருக்குப் போட்டபோது மணி இரண்டு. ஆறாவது படம் காலை எட்டே முக்காலுக்கு முடிந்தது.

மதுரையில் மூன்று பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. பெரும்பாலும் தனி வீடுகள், எப்போதாவது ஒரு கல்யாண மண்டபமோ மருத்துவமனையோ வரும். எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களும், தனியாகத் தொழில் தொடங்கும் பொறியாளர்களும் தவறாமல் கேட்பது "எந்த ரெண்டரிங் மென்பொருள் வாங்கலாம்?" என்பதுதான். இணையத்தில் காட்சிக்கு வைத்திருக்கும் படங்களைப் பார்த்து அவர்கள் குழம்பிப் போயிருப்பார்கள். எல்லா மென்பொருளிலும் அழகான படம் வரும். ஆகவே அழகை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. அந்த இரவுக்குப் பிறகு நான் முதலில் கேட்பது இதைத்தான்: வடிவமைப்பில் ஒரு மாற்றம் செய்தால், அடுத்த படம் எவ்வளவு நேரத்தில் கைக்கு வரும்?

## எதை வைத்து எடைபோடுவது

திருத்தத்தின் தூரம். ஸ்கெட்ச்அப், ரெவிட், ஆர்க்கிகேட், ரைனோ என்று எதில் நீங்கள் வீட்டை வரைந்தாலும், ரெண்டரிங் மென்பொருள் அதோடு மூன்றில் ஒரு விதமாகத்தான் உறவு வைத்துக்கொள்ளும். ஒன்று, வடிவமைப்பு மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சுவரை நகர்த்தினால் படத்திலும் அப்போதே நகரும். இரண்டு, தனி மென்பொருளாக இருந்துகொண்டு, இணைப்பு ஒன்றின் வழியே மாற்றத்தை வாங்கிக்கொள்ளும். மூன்று, கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தால்தான் பார்க்கும். ஒரு வீட்டுக்கு நான்கைந்து முறை பெரிய திருத்தம் வருவது நம் ஊரில் சாதாரணம். மூன்றாவது வகையில் அத்தனை முறையும் பாதி வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தின் உண்மை. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. ஒரு முற்றம், சுற்றிலும் வெள்ளைச் சுவர், கீழே சிவப்பு ஆக்சைடு தரை. நடுப்பகல் வெயில் தரையில் விழுந்தால், சுவரின் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பு மெல்லப் படர வேண்டும். பழைய வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஒளி ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் தெறித்துப் போவதைக் கணக்கிடும் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். பாத் டிரேசிங் என்ற முறை அங்கிருந்து வந்தது. அந்த முறையில் ஓடும் மென்பொருளில் இந்தச் சிவப்பு தானாக வந்துவிடும். வேகத்துக்காக ஒளியைத் தோராயமாகக் கணக்கிடும் மென்பொருள்களில் அது பாதி வரும், அல்லது கோணத்தை மாற்றினால் மறைந்துபோகும். 2018இல் ஆர்டிஎக்ஸ் வகை கிராபிக்ஸ் கார்டுகள் வந்தபின் இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் இல்லாமல் போகவில்லை.

நம் ஊர் வெயில். இதை யாரும் அளவுகோலாகச் சொல்வதில்லை. எனக்கு இது மிக முக்கியமானது. தொழில் தொடங்கிய புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வடக்குப் பார்த்த வீடு வடிவமைத்தேன். முன்பக்கத் திண்ணை முழுவதும் குளிர்ந்த நிழலில் இருப்பதாகப் படம் கொடுத்தேன். குடிபோன பிறகு ஜூன் மாதத்தில் ஒருநாள் வரச்சொன்னார். பிற்பகல் மூன்று மணி. லேமினேட் செய்து வைத்திருந்த அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். "தம்பி, படத்தில் இந்தத் திண்ணையில் நிழல் இருக்கிறதே, இங்கே எங்கே போயிற்று?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். மாடலில் ஊரைக் குறிக்காமல் விட்டது என் தவறு.

காரணம் கணக்கில் இருக்கிறது. மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஜூன் 21 அன்று இங்கே சூரியன் நாள் முழுவதும் வானத்தின் வடபாதியில்தான் செல்கிறது. உச்சியில் இருக்கும்போதுகூட வடக்குப் பக்கமாகச் சாய்ந்து ஏறத்தாழ 76 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆக, காலை முதல் மாலைவரை வடக்குச் சுவரில் வெயில் படும். 40 டிகிரியில் உள்ள ஊரில் அதே நாளில் ஏறத்தாழ எட்டு மணி முதல் நான்கு மணிவரை வடக்குச் சுவரில் வெயிலே படாது. ஸ்கெட்ச்அப்பில் இடம் குறிக்காமல் விட்டால் அது அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நகரம் இருப்பது சரியாக 40 டிகிரியில். மார்கழியில் பிழை வேறு விதமாக வரும்: உச்சிப் பொழுதில் மதுரைச் சூரியன் 57 டிகிரி உயரத்தில் இருக்கும்போது போல்டரில் அது 27 டிகிரிக்கும் குறைவு. சன்ஷேட்டின் நிழல் எங்கே விழும் என்பதே மாறிவிடும். எனவே ஊரின் வெயிலைச் சுலபமாகவும் சரியாகவும் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள்.

கணினி. கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைவிட அதன் நினைவகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். பரப்பின்மேல் ஒட்டும் படத்தை டெக்ஸ்சர் என்போம். 4096க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்கப்படாத நிலையில் 64 எம்பி பிடிக்கும். ஒரு மெட்டீரியலுக்கு நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் போன்றவற்றுக்காக நான்கு டெக்ஸ்சர் வைத்தால் 256 எம்பி. அப்படி முப்பது மெட்டீரியல் வைத்தால் ஏழரை ஜிபி போய்விடும். மரங்களும் மேசை நாற்காலிகளும் இன்னும் வரவில்லை. எண் பெரிதாக உள்ள கார்டில் நினைவகமும் பெரிதாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 பெரும்பாலும் 12 ஜிபியுடன் வந்தது. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபிதான்.

பணமும் கற்கும் காலமும் மற்ற இரண்டு. அவற்றை ஒவ்வொரு மென்பொருளோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குள் ஒரு ரெண்டரர் இருக்கும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ரெவிட்டுக்குள் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் முறை) உண்டு. ஆர்க்கிகேட்டில் மேக்சான் நிறுவனத்தின் ரெண்டரிங் எஞ்சின் சேர்ந்தே வருகிறது. ரைனோ 7 முதல் அதன் ரெண்டரிங், பிளெண்டரின் சைக்கிள்ஸ் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. ஸ்கெட்ச்அப்பிலும் 2025 பதிப்பில் பளபளப்பு, சொரசொரப்பு காட்டும் மெட்டீரியல்கள் வந்துவிட்டன. பஞ்சாயத்து அனுமதி வாங்கவும் வங்கிக் கடன் வாங்கவும் ஓர் எலிவேஷன் (முகப்பு) படம் போதும் என்றால் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## என்ஸ்கேப்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்தது. வி-ரேயை உருவாக்கிய கேயாஸ் நிறுவனத்தோடு 2022இல் இணைந்தது. ஸ்கெட்ச்அப், ரெவிட், ஆர்க்கிகேட், ரைனோ, வெக்டர்வொர்க்ஸ் ஆகியவற்றுக்குள்ளேயே ஓடும்.

திருத்தத்தின் தூரம் என்ற அளவுகோலில் இதற்கு நிகராக நான் எதையும் பார்க்கவில்லை. சென்ற மாதம் ஒரு குடும்பம் வந்திருந்தது. சமையலறையில் நின்றால் வாசல் தெரியுமா என்பதுதான் வீட்டு அம்மாவின் ஒரே கேள்வி. அவர் உயரத்துக்கு ஏற்ப, கண்மட்டத்தை நாலே முக்கால் அடிக்கு இறக்கி, அடுப்பு மேடையின் முன் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். தெரியவில்லை. பூஜை அறைச் சுவர் மறைத்தது. ஸ்கெட்ச்அப்பில் அந்தச் சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளினேன். பக்கத்துத் திரையில் வாசல் தெரிந்தது. அவர் முகத்தில் வந்த தெளிவை எந்த அச்சுப் படமும் தந்ததில்லை. காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது.

குறை எங்கே என்றால், நுணுக்கத்தில். அறைக்குள் மறைவிளக்கு, கண்ணாடிக்குள் கண்ணாடி, மெல்லிய திரைச்சீலை வழியே வடியும் வெளிச்சம் என்று வரும்போது ஒரு கட்டத்துக்கு மேல் போகாது. அமைப்புகள் குறைவாக இருப்பதால் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளலாம்; அதே காரணத்தால் மூன்றாவது மாதத்தில் இன்னும் கொஞ்சம் கைக்கு அடங்கியிருக்கலாமே என்று தோன்றும். சந்தாவும் சிறு அலுவலகத்துக்குச் சுமைதான். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் உங்கள் வேலை முறை என்றால் அந்தச் சுமையைத் தாங்கலாம்.

## வி-ரே

பல்கேரியாவின் சோஃபியா நகரில் 1997இல் தொடங்கிய கேயாஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. இதை எழுதியவர்களில் ஒருவரான விளாதிமிர் கோய்லசோவுக்கு 2017இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. கட்டடத் துறை மட்டுமல்லாமல் திரைப்படத் துறையும் நம்பும் எஞ்சின் இது.

முற்றத்துச் சிவப்புச் சோதனையில் வி-ரே முழு மதிப்பெண் வாங்கும். அதைவிடக் கடினமான சோதனை ஒன்று சொல்கிறேன். ஆத்தங்குடி ஓட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வார்க்கிறார்கள். அதனால்தான் மேற்பரப்பு அத்தனை வழவழப்பு. ஆனால் ஐம்பது ஆண்டு புழங்கிய வீட்டில் எல்லா ஓடும் ஒரே மாதிரி மின்னுவதில்லை. நடைபாதையில் உள்ளவை காலடி பட்டுப் பட்டுப் பளபளக்கும். சுவரோரத்தில் உள்ளவை மங்கியிருக்கும். ஒரே பளபளப்பை எல்லா ஓட்டுக்கும் கொடுத்தால் கடையில் வாங்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் போல ஆகிவிடும். வி-ரேயில் பளபளப்புக்கென்று தனியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வரைந்து கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் நடைபாதையில் மட்டும் நீளமாக வழுக்கிக்கொண்டு போனது. செட்டிநாட்டு வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில், அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் பழைய ஓடுகளைப் பெயர்க்க வேண்டாம் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள்.

லைட் மிக்ஸ் என்ற வசதியும் உள்ளறை வேலைக்குப் பெரிய உதவி. ரெண்டர் முடிந்தபின் ஒவ்வொரு விளக்கையும் கூட்டிக் குறைக்கலாம், நிறம் மாற்றலாம். மறுபடி மூன்று மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

விலை என்னவென்றால், நேரம். கற்பதற்கு மாதங்கள் ஆகும். ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும். வி-ரேயும் ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோவுக்குள்ளேயே ஓடுவதால் திருத்தம் செய்வது சுலபம். திருத்தத்தின் இறுதிப் படம் வருவதுதான் தாமதம். சந்தாவுக்கு மேல் கேயாஸின் கிளவுடில் ரெண்டர் செய்ய விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம்.

3டிஎஸ் மேக்ஸில் வேலை செய்பவர்கள் இதே நிறுவனத்தின் கொரோனாவையும் பார்க்கலாம். பிராகில் பிறந்தது, 2017இல் கேயாஸ் வாங்கியது. அது முழுக்க பிராசசரில் ஓடுவதால் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் பற்றிய கவலை இல்லை. ஸ்கெட்ச்அப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

## ட்வின்மோஷன்

பிரான்சில் உருவானது; அன்ரியல் எஞ்சினை வைத்திருக்கும் எபிக் கேம்ஸ் 2019இல் வாங்கியது. 2024 முதல் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு உட்பட்ட அலுவலகங்களுக்கும் தனிநபர்களுக்கும் இலவசம். அதற்கு மேல் போனால் ஓர் உரிமத்துக்கு ஆண்டுக்கு 445 டாலர் என்று அறிவித்தார்கள். நம் ஊர்ச் சிறு அலுவலகங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்கும். தொழில் தொடங்குபவருக்கு இது பெரிய வரம்.

தனி மென்பொருள் என்றாலும் டேட்டாஸ்மித் இணைப்பு வழியே ஸ்கெட்ச்அப், ரெவிட், ஆர்க்கிகேட், ரைனோ மாடல்களை நேரடியாக வாங்கிக்கொள்ளும். இங்கே ஒரு பழக்கம் வேண்டும். மெட்டீரியல் மாற்றங்களை அது பெயரை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. வரையும்போதே வெளிச்சுவருக்கு ஒரு பெயர், உள்சுவருக்கு ஒரு பெயர், பாராபெட்டுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகக் கொடுத்து வைத்தால் பத்தாவது திருத்தத்திலும் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளையைப் பூசி வைத்தால், வெளிச்சுவருக்குக் காரை பூசும்போது உள்கூடமும் காரையாகிவிடும்.

வேகமான முறையில் படம் கொஞ்சம் வீடியோ கேம் போலத் தெரியும். அதற்கென்றே பாத் டிரேசரும் உள்ளே இருக்கிறது. அதை இயக்கினால் உள்ளறைப் படங்களும் நன்றாக வருகின்றன. அதற்கு நல்ல கார்டு வேண்டும்.

## டி5 ரெண்டர்

சீனாவின் நான்ஜிங்கிலிருந்து வருகிறது. ரே டிரேசிங்கை அடித்தளமாக வைத்தே எழுதப்பட்டதால், நடமாடிப் பார்க்கும்போதே வெளிச்சம் ஓரளவு உண்மையாக இருக்கும். முற்றத்துச் சிவப்பு இதில் உடனே தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இலவசப் பதிப்பு உண்டு. பொருள் நூலகத்தின் பெரும்பகுதியும் சில வசதிகளும் கட்டணப் பதிப்பில்தான். விண்டோஸ் கணினியும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டும் வேண்டும். பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இதை நினைக்க வேண்டாம். நல்ல கார்டு ஏற்கெனவே இருந்து, கையில் பணம் இல்லாத இளைஞருக்கு ட்வின்மோஷனும் இதுவும்தான் நேர் போட்டி. இரண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

## லூமியன்

நெதர்லாந்தில் 2010இல் வந்தது. தோட்டம், மழை, மனிதர்கள், வாகனங்கள், வீடியோ என்று வரும்போது இதன் கை ஓங்கியே இருக்கிறது. மனைப் பிரிவு, பள்ளி வளாகம், ரிசார்ட் போன்ற பெரிய இடங்களுக்கு ஏற்றது. தூரிகையால் புல் தடவுவது போல மரங்களை நட்டுவிடலாம். லைவ்சிங்க் வழியே மாடலோடு இணைப்பு உண்டு. முழுப் பதிப்பு விண்டோஸில்தான் ஓடும், கனமான கார்டு கேட்கும். சந்தா சிறு அலுவலகங்களுக்கு அதிகம். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பதால், வெளியாளோடு சேர்ந்து வேலை செய்யும்போது இருவரும் ஒரே பதிப்பில் இருக்கிறீர்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தனி வீடுகளுக்கு மட்டும் இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பிளெண்டர்

முற்றிலும் இலவசம், கட்டற்ற மென்பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசண்டால் தொடங்கியது. 2002இல் உலகெங்கும் உள்ள பயனர்கள் ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதன் மூல நிரலை விடுவித்தார்கள். அந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மரியாதை கூடுகிறது.

சைக்கிள்ஸ் முழுமையான பாத் டிரேசர். கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் பிராசசரிலும் ஓடும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ஈவி என்ற வேகமான எஞ்சினும் கூடவே உண்டு. 2023இல் வந்த 4.0 பதிப்பு முதல் கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரையின் நிறங்களாக மாற்றும் ஏஜிஎக்ஸ் என்ற முறை இயல்பாகவே இயங்குகிறது. நம் ஊர் உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவர் வெறும் வெள்ளைத் தாளாக வெளிறிப்போகாமல், காரைப்பூச்சின் மேடுபள்ளம் தெரிவது இதனால்தான்.

ஆனால் திருத்தத்தின் தூரத்தில் இது கடைசி. ஸ்கெட்ச்அப் கோப்பைத் திறக்கும் வழி பிளெண்டரிலேயே இல்லை. வேறு வடிவத்துக்கு மாற்றியோ, பிறர் எழுதிய நீட்சி (ஆட்-ஆன்) வழியோதான் கொண்டுவர வேண்டும். ரெவிட்டிலிருந்து, கட்டட மாடல்களுக்கான பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பாக ஏற்றுமதி செய்து, போன்சாய் நீட்சி மூலம் திறக்கலாம். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் இந்தப் பயணத்தை மறுபடி தொடங்க வேண்டும். சூரியனை ஊருக்கு ஏற்றபடி வைக்கவும் தனி நீட்சியை இயக்க வேண்டும். வடிவமைப்பு முடிந்து, இனி மாறாது என்று தெரிந்த பிறகு பிளெண்டரில் உட்காருவது இனிமையான வேலை. அதற்கு முன்னால் உட்கார்ந்தால் நான் பட்ட இரவைப் படுவீர்கள். மாணவராக இருந்தால் தயங்காமல் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதில் கற்கும் ஒளி, மெட்டீரியல் அறிவு மற்ற எல்லா மென்பொருளிலும் செல்லுபடியாகும்.

## ஒரே பார்வையில்

| மென்பொருள் | வடிவமைப்போடு உறவு | திருத்தத்துக்குப் பின் படம் | எங்கே சிறப்பு | பணம் |
|---|---|---|---|---|
| என்ஸ்கேப் | உள்ளேயே | உடனே | வீட்டுக்காரரோடு உட்கார்ந்து முடிவெடுக்க | சந்தா |
| வி-ரே | உள்ளேயே | சில மணி நேரம் | உள்ளறை, இறுதிப் படம் | சந்தா |
| ட்வின்மோஷன் | இணைப்பு | சில நிமிடம் | தொழில் தொடக்கம் | வரம்புக்குள் இலவசம் |
| டி5 | இணைப்பு | சில நிமிடம் | நல்ல கார்டு உள்ளவர்க்கு | இலவசப் பதிப்பு உண்டு |
| லூமியன் | இணைப்பு | சில நிமிடம் | வளாகம், தோட்டம், வீடியோ | சந்தா |
| பிளெண்டர் | கோப்பு வழியே | மறுபடி கொண்டுவர வேண்டும் | மாணவர், முடிந்துபோன வடிவமைப்பு | இலவசம் |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

வீடியோ கேட்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிட வீடியோவுக்கு 1800 படம். ஒரு படத்துக்கு 20 நொடி ஆனாலும் பத்து மணி நேரம். அரை கிலோவாட் இழுக்கும் கணினிக்கு அது 5 யூனிட்தான், மின்கட்டணம் பெரிதில்லை. நடுவில் மின்சாரம் போவதுதான் சிக்கல். எப்போதும் வீடியோ கோப்பாக எடுக்காமல், தனித்தனிப் படங்களாக எடுத்து வைத்துக் கடைசியில் கோத்துக்கொள்ளுங்கள். 1400ஆவது படத்தில் மின்சாரம் போனாலும் முன்னால் உள்ளவை அப்படியே இருக்கும். யூபிஎஸ்ஸுக்கான பணத்தை மென்பொருள் செலவிலேயே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சு அளவும் நேரத்தைத் தின்னும். ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 4961க்கு 3508 பிக்சல் வேண்டும். அது முழு எச்டி திரைப் படத்தைவிட எட்டு மடங்குக்கு மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு அந்த அளவு தேவையே இல்லை. வேலை நடக்கும் மனையில் கட்டும் பேனரைத் தெருவிலிருந்துதான் பார்ப்பார்கள். அதற்கும் 300 டிபிஐ வேண்டாம்.

பொருள் நூலகம் பற்றி மனம் நொந்து ஒன்று சொல்ல வேண்டும். தென்னை கிடைக்கும். வேம்பு, பூவரசு, முருங்கை, வாசலில் நந்தியாவட்டை என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். கிடைப்பதை வைத்தால் உசிலம்பட்டி வீட்டின் முன் ஐரோப்பிய மரம் நிற்கும். மரம் வெறும் அலங்காரம் இல்லை. அதன் நிழல்தான் மேற்குச் சுவரின் சூட்டைத் தீர்மானிக்கிறது. நாங்கள் ஒரு வேம்பு, ஒரு புங்கை, ஒரு பூவரசு ஆகிய மூன்றையும் சொந்தமாகச் செய்து வைத்திருக்கிறோம். இரண்டு வாரம் ஆயிற்று; இன்றுவரை எல்லாப் படத்திலும் அவைதான் நிற்கின்றன. டெக்ஸ்சர்களுக்குப் பாலி ஹேவன் தளத்தில் உள்ளவற்றை உரிமச் சிக்கல் இல்லாமல் தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

சந்தாவை டாலரில் கட்டும்போது வரியும் வங்கிக் கட்டணமும் சேரும். திருட்டுப் பதிப்பை வைத்துக் காலம் தள்ளும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. ட்வின்மோஷனும் பிளெண்டரும் இலவசமாகக் கிடைக்கும் இந்த நாளில் அதற்கு எந்த நியாயமும் இல்லை. அத்தோடு வரும் வைரஸ் ஒரு குடும்பத்தின் வீட்டு வரைபடங்களையும் சேர்த்து அழித்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு ஓவியத்தைப் படமாக்கும் கருவிகளும் வந்துவிட்டன. தொடக்கத்தில் மனநிலையைப் பேசிக்கொள்ள அவை உதவும். ஆனால் நீங்கள் வரையாத ஜன்னலை அவை சேர்த்துவிடும், தூணைத் தூக்கிவிடும். கட்டப்போகும் வீடு என்று சொல்லி அந்தப் படத்தை வீட்டுக்காரரிடம் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

## யாருக்கு எது

மாதம் ஒரு வீடு செய்யும் தனி ஆள் என்றால் ட்வின்மோஷனில் தொடங்குங்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு படம்தான் தேவை என்றால் எதையும் வாங்க வேண்டாம். வெளியே 3டி எலிவேஷன் செய்து கொடுப்பவரிடம் கொடுங்கள். ஆனால் எத்தனை திருத்தம் வரை அதே தொகைக்குள் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஊரையும் வடக்குத் திசையையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். உள்ளறை அலங்காரம்தான் தொழில் என்றால் வி-ரேக்குக் கொடுக்கும் பணமும் காலமும் வீண்போகாது. மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகத்தில் வீட்டுக்காரர்கள் நேரில் வந்து உட்காருவார்கள் என்றால் என்ஸ்கேப் தன் சந்தாவைத் தானே சம்பாதித்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஓர் என்ஸ்கேப், ஒரு வி-ரே. பேச்சு முழுவதும் முதலாவதில். கையெழுத்தான பிறகு மூன்று நான்கு படங்கள் மட்டும் இரண்டாவதில். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பிளெண்டர்.

கட்டண மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் சோதனைக் காலம் உண்டு. அப்போது அவர்கள் தரும் மாதிரி வீட்டைத் திறக்காதீர்கள். போன ஆண்டு உங்களை அதிகம் அலைக்கழித்த வீட்டின் மாடலைத் திறங்கள். ஊரைக் குறியுங்கள். ஜூன் மாதம், பிற்பகல் மூன்று மணி என்று வையுங்கள். மெட்டீரியல் பூசி, மரம் நட்டு, நான்கு கோணங்கள் எடுங்கள். பிறகு படிக்கட்டை வடகிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றிவிட்டு, நான்கு படங்களும் மறுபடி கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.